கடலட்டை: இந்தக் கரையில் வழக்கு, அந்தக் கரையில் ஏற்றுமதி

#1 பாம்பன்_பாலத்தடி

மண்டபம், வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கம் கடலட்டை (கடலடி மணலில் ஊரும், வெள்ளரிக்காய் வடிவப் பிராணி) பறிமுதல் என்று செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. படகோடு பிடித்தார்கள், அவித்துக் காயவைத்த கொட்டகையைப் பிடித்தார்கள், ஆட்களை ரிமாண்ட் செய்தார்கள். கீழே கருத்துப் பகுதியைப் பார்த்தால் ஏதோ கஞ்சா கடத்தியவனைத் திட்டுவதுபோல ஆளாளுக்குத் திட்டுகிறார்கள்.

2001 வரை இது தொழில். சங்கு குளிக்கிறவர்கள் அட்டையும் எடுப்பார்கள். மூச்சடக்கித்தான், சிலிண்டர் கிலிண்டர் கிடையாது. கரையில் குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலில் இருக்கும் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். அதில் பாதி வேலை பெண்கள் பார்த்தது. சரக்கு சிங்கப்பூர், ஹாங்காங் போகும். நம் ஊரில் யாரும் அதைத் தின்பதில்லை, முழுக்க முழுக்க ஏற்றுமதிதான். 1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று ஒரு விதி வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2001 ஜூலையில் ஒன்றிய அரசு எல்லா வகைக் கடலட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். மாற்றுத் தொழில் என்ன என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே உரிமம் வாங்கிக் குளிக்கலாம், பண்ணை போடலாம், ஏற்றுமதி செய்யலாம். கடலும் ஒன்று, அட்டையும் ஒன்று. கடலில் எடுப்பதைத் தடுக்கட்டும், அதில் எனக்கு வாதமில்லை. வளர்ப்பதையும் ஏன் தடுக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஆய்வக_எலி

நல்ல கேள்வி. முதலில் தடை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பேச்சு தடம் மாறிவிடும்.

அட்டை நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும். ஆண் பெண் சேர்க்கை என்று எதுவும் இல்லை. ஆண் தன் விந்தையும் பெண் தன் முட்டையையும் தண்ணீரில் விடும், அங்கேயே கருவுறும். அதற்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அள்ளி அள்ளி எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், மிச்சம் இருப்பது உயிரோடு இருந்தும் பயனில்லை. முட்டை விடும், கருவுறாது. அதனால்தான் அழிந்த இடத்தில் அட்டை திரும்ப வருவதற்குப் பத்து இருபது வருடம்கூடப் போதாமல் போகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒரு கறுப்பு வகையை எடுப்பதை 1999-ல் நிறுத்தினார்கள், 2019-ல்தான் மறுபடி திறந்தார்கள், அதுவும் கடுமையான அளவோடு. பப்புவா நியூ கினியா 2009-ல் மூடி 2017-ல் திறந்தது.

இன்னொன்று, அட்டை மணலைத் தின்று அதிலுள்ள அழுகலைச் செரித்துவிட்டு மணலை வெளியே தள்ளும். கடற்புல் படுகைக்கு அது உழவு மாதிரி. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும்.

இனி எரிச்சலான பகுதி. ‘வெள்ளை அட்டை’ என்று உங்கள் ஊரில் சொல்கிற வகையைப் பொரிப்பகத்தில் முட்டையிடவைத்துக் குஞ்சு எடுத்தது எங்கே தெரியுமா? தூத்துக்குடியில். 1988-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், டி.பி.ஜேம்ஸ் குழு. தண்ணீரின் வெப்பத்தைச் சில டிகிரி சட்டென்று ஏற்றினால் தாய் அட்டைகள் முட்டை விட்டுவிடும். அந்த நுட்பம்தான் பிறகு வியட்நாம், மடகாஸ்கர், பசிபிக் தீவுகள், இலங்கை என்று போனது. இங்கே 2001-க்குப் பிறகு வளர்த்த அட்டையும் சட்டத்தின் கண்ணில் புலிதான்.

#3 கீழக்கரை_பேரன்

தடையால கடத்தல் நிக்கல, விலைதான் ஏறுச்சு. இங்கருந்து ராத்திரி போற சரக்கு அந்தப் பக்கம் கரையேறுனதும் இலங்கைச் சரக்கு ஆயிடும். அப்புறம் முறையான பேப்பரோட ஹாங்காங் போகும். நடுவுல இருக்கவன் சம்பாதிக்கிறான், மூச்சடக்கிக் குளிச்சவன் மதுரை ஜெயில்ல இருக்கான்.

இழுவை மடில (கடலடியை வழிச்சு இழுக்கிற வலை) தானா ஏறி வர்ற அட்டையக்கூட கரைக்குக் கொண்டாரப் பயப்படுறாங்க. திருப்பிக் கடல்ல போடுறதுக்குள்ள முக்காவாசி செத்துருது.

#4 தீவகத்தான்

பாலத்தடி அண்ணை, அந்தக் கரை எண்டு நீங்கள் சொல்ற கரையில இருந்து எழுதுறன். இஞ்ச எல்லாம் சரியாப் போகுது எண்டு நினைச்சிடாதேங்கோ.

முதல்ல உரிமம் வாங்கிக் குளிக்கிற கதை. குளிக்கத் தெரிஞ்ச, பெரிய படகு, ஆழத்துக்குப் போற சிலிண்டர், ராவு வெளிச்சம் எல்லாம் வச்சிருக்கிற ஆக்கள் தென்பகுதியில இருந்துதான் கூட வந்தவை. 2018-ல வடமராட்சி கிழக்கில மருதங்கேணிப் பக்கம் சனம் தெருவில இறங்கினது அதுக்குத்தான். எங்கட கடலில எங்கட ஆக்களுக்கு இல்லாத உரிமம் அவைக்கு எப்பிடிக் கிடைச்சது எண்டுதான் கேட்டவை.

பிறகு பண்ணைக் கதை. அப்போதைய கடற்றொழில் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா இதை வடக்குக்கான வாழ்வாதாரம் எண்டு முன்னுக்குத் தள்ளினார். 2022 ஜூன் மாதம், நாடு டொலர் இல்லாமல் எரிபொருள் வரிசையில நிண்ட நேரம், அமைச்சரவை ஐயாயிரம் ஏக்கர் கடலட்டைப் பண்ணைக்கு ஒப்புதல் குடுத்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு. ஐயாயிரம் ஏக்கர் எண்டால் நடுக்கடலில இல்லை. இடுப்பளவுத் தண்ணியில, கரையோட.

அந்த இடுப்பளவுத் தண்ணி வெறும் தண்ணி இல்லை. சிறகுவலை கட்டுறது அங்கதான். வள்ளம் இல்லாத சனம் நடந்து போய் இறால், நண்டு பிடிக்கிறது அங்கதான். மீன் குஞ்சு வளர்றதும் அங்கதான். தடி நட்டு வலை அடிச்சு ஏக்கர் ஏக்கராப் பட்டி போட்டால் இதெல்லாம் எங்க போறது? கிராஞ்சி இலவன்குடாவில சனம் நூறு நாளுக்கு மேல போராடினது. பண்ணை வேணும் எண்டு நிண்டதும் அதே ஊர்ச் சனத்தில ஒரு பகுதிதான். ஊர் ரெண்டாப் பிரிஞ்சது.

கவுதாரிமுனையில சீனப் பங்குள்ள பண்ணை ஒண்டு 2021-ல பெரிய சர்ச்சையானதும் தெரிஞ்சிருக்கும். கொழும்பில, சென்னையில இருந்து எழுதின ஆக்கள் எல்லாரும் சீனாவைத்தான் பார்த்தவை. உள்ளூர்ச் சங்கம் கேட்டது வேற கேள்வி: எங்கட சங்கத்திட்டக் கேக்காமல் கடலை ஆர் அளந்து குடுத்தது?

இன்னொண்டு, கோவிக்காதேங்கோ. உங்கட பக்கத்து இழுவை மடி எங்கட கடற்புல்லை வழிச்செடுத்துக்கொண்டு போகுது. இஞ்ச 2017-ல இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டு முழுசாத் தடை செய்தாச்சு. அட்டையைப் பற்றி ஒண்டாக் கவலைப்படுறது எண்டால் அதில இருந்து தொடங்கவேணும்.

#5 கணக்கு_வழக்கு

உணர்ச்சிவசப்படாமல் பார்ப்போம். காய்ந்த அட்டைக்குக் கிழக்காசியாவில் தேவை குறையப்போவதில்லை. முறையான வழியை அடைத்தால் முறைகேடான வழி திறக்கும், இது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடற்பரப்பை ஏலம் விட்டு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பது. குத்தகை கையில் இருப்பவன் தன் முதலீட்டைக் காப்பாற்றக் கடலையும் காப்பாற்றுவான். அந்நியச் செலாவணியும் வரும். இறாலில் அதைத்தானே செய்தோம்? 2024-25-ல் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி 62,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால்.

#6 பாசி_எடுக்கிறவள்_மகள்

கணக்கு சார், ஏலம் விட்டால் எடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அம்மாவா?

எங்கள் ஊர்ப் பெண்கள் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுத்தவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பு வனத்துறைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. பிறகு ‘பாசி எடுக்காதே, வளர்’ என்று ஒரு வெளிநாட்டுப் பாசியைக் கொண்டுவந்து மூங்கில் மிதவையில் கட்டச் சொன்னார்கள். கப்பாஃபைகஸ். ஏற்றுமதிக்கு நல்ல சரக்கு என்றார்கள். உண்மையிலேயே காசு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேலேயும் படர்ந்துவிட்டது. பவளம் செத்தது, பாசியும் ஒரு கட்டத்தில் நோயில் படுத்தது. இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடியில் கடற்பாசிப் பூங்கா. நல்லதாக நடந்தால் சந்தோஷம்.

நான் சொல்ல வருவது, ‘வளர்ப்பு’ என்று சொன்னால் எல்லாம் சுத்தம் என்று ஆகிவிடாது. எங்கே வளர்க்கிறோம், யார் பெயரில் அனுமதி, குஞ்சு யார் கையில், சரக்கு வாங்குகிறவன் ஒருவனா பத்துப் பேரா, இதெல்லாம் முடிவான பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

இறாலை உதாரணம் காட்டியதால் ஒரு தகவல். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைகளை மூடச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும், அந்த வழக்குக்காகக் கீழத்தஞ்சைக் கிராமங்கள் பட்ட பாடும் உங்கள் 62,000 கோடிக் கணக்கில் எந்த வரியில் வருகிறது?

#7 கணக்கு_வழக்கு

அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்தது, பதிவு முறை வந்தது. அதாவது ஒழுங்குமுறை வந்தது, தொழிலும் வளர்ந்தது. தடையால் எதுவும் வளரவில்லை என்பதுதான் என் வாதம். ஏலம் என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார், உள்ளூர்ச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சங்கத்துக்குள் யார் கை ஓங்கும் என்பதையும் பேச வேண்டும்.

#8 பாம்பன்_பாலத்தடி

தீவகத்தான், கோபம் இல்லை. விசைப்படகும் நாட்டுப்படகும் ஒன்றில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் பக்கம் நாட்டுப்படகுக்காரனும் இழுவை மடியால் நொந்து போனவன்தான். விசைப்படகு ஒரு நாள், நாட்டுப்படகு மறுநாள் என்று எழுபதுகளிலேயே முறை வைத்தது அந்தச் சண்டையால்தான்.

2017-ல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகாக மாற்றும் திட்டம் வந்தது. படகு 80 லட்சம். பாதி ஒன்றிய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 8 லட்சம் மீனவர் பங்கு. இலக்கு 2,000 படகு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. எட்டு லட்சம் போட்டுக் கடனும் வாங்கி, பழக்கமே இல்லாத தூண்டில் தொழிலுக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போ என்றால் யார் போவார்கள்?

நான் அட்டையைப் பேசுவதே அதனால்தான். கரையோரத்திலேயே ஒரு தொழில் இருந்தால் அந்தப் படகுகளில் கூலிக்குப் போகும் ஆட்களில் கொஞ்சம் பேராவது இறங்குவார்கள். ஆனால் கிராஞ்சிக் கதையைக் கேட்ட பிறகு ஒரு குழப்பம் வருகிறது. பாம்பன், மண்டபம் ஓரத்திலும் அதே இடுப்பளவுத் தண்ணீரில்தான் ஓலை வலையும் பாசி மிதவையும் நிற்கின்றன. பட்டியை எங்கே போடுவது?

#9 ஆய்வக_எலி

பாலத்தடி அண்ணே, கடலில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? வியட்நாமில் இறால் குளத்திலேயே வளர்க்கிறார்கள். இறால் ஒரு போகம் எடுத்த பிறகு, அல்லது நோயால் கைவிட்ட குளத்தில், அட்டைக் குஞ்சு விடுவார்கள். தீவனச் செலவு கிட்டத்தட்ட கிடையாது, குளத்தடியில் தேங்கிய கழிவே அதற்குச் சோறு. 300 கிராமுக்கு மேல் வர எட்டு மாதம் முதல் ஒரு வருடம். நெருக்கி விட்டால் வளர்ச்சி நின்றுவிடும். சதுர மீட்டருக்குக் கால் கிலோவுக்கு மேல் தாங்காது. ஆகவே இறால்போல ஏக்கருக்கு டன் கணக்கில் எதிர்பார்க்கக் கூடாது. காய்ந்தால் பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குகூட நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் வேறு மாதிரி. பொரிப்பகம் குஞ்சைக் கடனாகக் கொடுக்கும், கிராமத்துக் குடும்பங்கள் கடலில் சின்னச் சின்னப் பட்டியில் வளர்த்துத் திருப்பி விற்கும். அங்கே பெரிய தலைவலி நோயில்லை, திருட்டு. ராத்திரிக் காவலுக்கே ஆள் போட வேண்டியிருக்கிறது.

#10 வேதாரண்யத்து_உப்பு

வணக்கம். நான் இறால் வளக்கிறவன், இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். குளத்துல அட்டைன்னதும் எழுதத் தோணுச்சு.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 25 சதவீதம், அப்புறம் இன்னொரு 25 சதவீதம்னு வரி போட்டப்ப, கம்பெனிக்காரங்க குளத்தோரம் வந்து சொன்ன முதல் வார்த்தை ‘விலை குறையும்’. எங்கேயோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டா வேட்டைக்காரனிருப்புல குளம் காயுது. ஒரே சந்தை, ஒரே சரக்கை நம்பக்கூடாதுன்னு எல்லாரும் அறிவுரை சொல்றாங்க. வேற என்ன வளக்கறதுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. அந்த வகையில ஆய்வகத்தார் சொல்றது காதுக்கு நல்லா இருக்கு.

ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில எங்க குளத்து உப்பு சரசரன்னு எறங்கிரும். அட்டை தாங்குமா? தாங்காதுன்னா எட்டு மாசப் பயிரை எந்த மாசத்துல விட்டு எந்த மாசத்துல எடுக்கறது? அப்புறம் வனத்துறை. இறாலுக்கு ஆணையத்துல பதிவு இருக்கு. குளத்துல அட்டை கெடந்தா என்னைய எந்தச் சட்டத்துல பிடிப்பாங்க?

#11 தீவகத்தான்

பிடிக்கிறதுக்கு முந்தி, ஆர் வாங்குறது எண்டதையும் யோசியுங்கோ. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில இலங்கை மீனைத் தடை செய்தது, சட்டவிரோத மீன்பிடி எண்டு. உடன படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி, பதிவுப் புத்தகம், சட்டத் திருத்தம் எல்லாம் ஓடி ஓடிச் செய்தவை. அடுத்த வருசம் நடுப்பகுதியில தடை எடுபட்டது. உங்கட கடல் இறாலை 2019-ல இருந்து அமெரிக்கா வாங்காததும் ஆமைக்குத்தானே? மடியில ஆமை தப்புற கருவி இல்லை எண்டு. வாங்குறவன் கேள்வி கேட்டால் அரசாங்கம் அசையும். அட்டை வாங்குற சந்தையில அந்தக் கேள்வியே இல்லை. எங்க இருந்து வந்தது, ஆர் எடுத்தது, பண்ணையா கடலா, ஒண்டும் கேக்க மாட்டினம்.

எங்கட பண்ணைக்காரரிட்ட நான் கேட்டுப் பார்த்தது, பொரிப்பகத்துக் குஞ்சு போதாமல் கடலில எடுத்த குஞ்சையும் பட்டியில விடினமா எண்டு. சிரிச்சுப்போட்டு வேற கதை கதைச்சவை.

#12 ஆய்வக_எலி

அதுதான் உயிர்நாடி. வனத்துறை பயப்படுவதும் அதற்காகத்தான், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. காய்ந்த அட்டையைப் பார்த்து இது குளத்தில் வளர்ந்தது, இது கடலில் எடுத்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. வளர்ப்புக்குக் கதவைத் திறந்தால் கடத்தல் சரக்கும் அதே கதவால் போகும். கீழக்கரைப் பேரன் சொன்னது அப்போது அந்தப் பக்கம் போய் நடக்க வேண்டியதில்லை, இங்கேயே நடக்கும்.

என் யோசனை: பொரிப்பகம் அரசிடம் மட்டும். குஞ்சை எண்ணித்தான் கொடுக்க வேண்டும், அறுவடையையும் எண்ணித்தான் எடுக்க வேண்டும், விட்டதைவிட அதிகம் எடுத்தால் உரிமம் ரத்து. கடலில் ஒரு பட்டிகூட வேண்டாம், பதிவுபெற்ற குளத்தில் மட்டும். வெள்ளை அட்டை ஒரே ஒரு வகை. மற்றதெல்லாம் தடையிலேயே இருக்கட்டும்.

உப்பு அவர்களுக்கு: தாங்காது. உப்பு ரொம்ப இறங்கினால் தோல் உரிந்து செத்துவிடும். வியட்நாமிலும் பெருமழையில் குளம் குளமாகப் போயிருக்கிறது. கொஞ்சம் பெரிய குஞ்சாக வாங்கித் தை கடைசியில் விட்டு ஐப்பசி பிறப்பதற்குள் எடுக்கப் பார்க்கலாம். சித்திரை வைகாசியில் குளத்து வெப்பம் ஏறுவது அடுத்த பிரச்சினை, ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சட்டத்தைப் பொறுத்தவரை இன்றைக்குக் குளத்தில் ஓர் அட்டை கிடந்தாலும் வழக்குதான். ஆசைப்பட்டு யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

#13 பாசி_எடுக்கிறவள்_மகள்

குளத்தில் மட்டும் என்றால் குளம் வைத்திருப்பவருக்கு மட்டும் என்று ஆகிறது. மண்டபத்தில் ரிமாண்ட் ஆனவருக்குக் குளம் ஏது? 2001-ல் தொழிலை இழந்தது ஒரு கூட்டம், 2030-ல் தொழிலைப் பெறப்போவது வேறு கூட்டம். அரசுப் பொரிப்பகம் வந்தால் அதில் வேலையும், அறுவடைக்குப் பிறகு அவித்துக் காயவைக்கும் வேலையும் அந்தக் கிராமச் சங்கங்களுக்குத்தான் என்று விதியிலேயே எழுதட்டும். பக்குவம் அவர்கள் கையில் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு போகாத அட்டைக்கு ஹாங்காங்கில் விலை கிடையாது.

#14 கீழக்கரை_பேரன்

அந்தப் பக்குவம் தெரிஞ்ச கெழடுகள்ல பாதிப் பேரு போயிட்டாங்க, மிச்சப் பேரு மேல கேஸ் இருக்கு. கேஸ் இருக்கவனுக்கு அரசு சங்கத்துல இடம் குடுப்பாங்களாக்கும்?

#15 நெறியாளர்

இழுவை மடி, எல்லை தாண்டுதல் பற்றித் தனிமடலில் வந்த நான்கு பதில்களைப் பழைய ‘பாக் நீரிணை’ இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே தொடருங்கள். ஆட்களின் பெயர், வழக்கு எண் எதையும் இங்கே போட வேண்டாம்.

#16 வேதாரண்யத்து_உப்பு

தை கடைசின்னா எங்களுக்கு மொதப் போக இறால் விடற சமயம். அட்டைக்கு குளத்த ஒதுக்குனா இறால் ஒரு போகம் போச்சு. ரெண்டையும் ஒரே குளத்துல விட்டா என்ன ஆகும்? இறால், அட்டைக் குஞ்சக் கொத்துமா?

#17 ஆய்வக_எலி

கொத்தும். அட்டை சின்னதாக இருக்கும்போது வன்னாமி இறால் சும்மா விடாது. பெரிய அட்டை, குறைந்த இறால் என்று சோதனைகள் நடந்திருக்கின்றன, லாபம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தனித்தனிப் போகம்தான் வழி. உங்களிடம் நாலு குளம் இருந்தால் ஒன்றை ஒதுக்கலாம். ஒரே குளம் என்றால் இறாலோடு நில்லுங்கள்.